கூட யார் வந்திருக்கீங்க?

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில கூட்டம் போடுறது பேஷண்ட் இல்ல மாப்ள, கூட வர்ற ஜனம்தான். ஒரு ஆளுக்கு நாலு பேரு. அத்தனை பேரையும் கேட்டுக்கு வெளிய நிறுத்திப் பாரு, பாதிப் பிரச்சனை தீந்துரும்."

சொன்னது என் மச்சான். ஒரு வளைகாப்பு வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது. அவருக்கு ஓ.எம்.ஆரில் வேலை, கம்பெனி இன்சூரன்ஸ், நல்ல மனசு. கெட்ட எண்ணத்தில் சொன்ன வார்த்தை இல்லை அது. சுற்றியிருந்தவர்களும் தலையாட்டினார்கள். நானும் அப்போது பதில் எதுவும் சொல்லாமல் எழுந்து கைகழுவப் போய்விட்டேன். ஆனால் அந்தப் பேச்சு பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் தூள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. முழுப் பொய்யாக இருந்தால் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். அதில் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் தொந்தரவு.

உண்மை என்னவென்றால், கூட்டம் இருக்கிறது. எந்தப் பெரிய அரசு மருத்துவமனைக்கும் காலை எட்டு மணிக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் நின்று பாருங்கள். தாத்தா ஒருவர் இருமிக்கொண்டிருப்பார். அவரைச் சுற்றி மகன், மருமகள், இடுப்பில் குழந்தை, எதற்கும் இருக்கட்டும் என்று வந்த பக்கத்து வீட்டுக்காரர். வார்டுக்குள் ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்கு நடக்க இடமிருக்காது. ஆத்திரப்பட்ட உறவினர்கள் டாக்டர்கள் மேல் கைவைப்பதும் நடக்கிறது. அதற்கென்றே 2008-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் போட்டார்கள். சட்டம் இருந்தும், 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மகன் புற்றுநோய் மருத்துவர் ஒருவரைக் கத்தியால் குத்தினார். அதற்கப்புறம் கூட வருபவர்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அந்தச் சம்பவத்தை நினைத்தால் மச்சானோடு சண்டை போட வாய் வராது.

இருந்தாலும் அவர் பார்த்தது கூட்டத்தை மட்டும்தான். அந்தக் கூட்டம் உள்ளே போய் என்ன செய்கிறது என்று அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை.

சரி, என்ன செய்கிறது? ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் எடுக்கும் கட்டடம் வரை தள்ளிப் போகிறது. ரத்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு லேப் எங்கே என்று நாலு பேரிடம் கேட்டுப் போய்ச் சேர்க்கிறது. சாயங்காலம் மறுபடி போய் ரிசல்ட் வாங்கி வருகிறது. ஆபரேஷன் என்றால் ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்கிறது. காப்பீட்டுக் கவுன்ட்டரில் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு வரிசையில் நிற்கிறது. டிரிப்ஸ் தீரப்போகிறதே என்று பாட்டிலைப் பார்த்துக்கொண்டே முழித்திருந்து, சிஸ்டரைக் கூப்பிடுகிறது. சிறுநீர்ப் பையில் எவ்வளவு இருந்தது என்று அளந்து சொல்கிறது. புரட்டிப் படுக்க வைக்கிறது, துடைத்து விடுகிறது, ஊட்டுகிறது. ராத்திரி கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்து, நோயாளி முனகினால் எழுந்துகொள்கிறது. நாற்பது பேர் படுத்திருக்கும் ஒரு வார்டில் ராத்திரி டூட்டியில் ஒன்றிரண்டு நர்ஸ்கள் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச வேலையெல்லாம் அந்த நாற்பது பாய்களில் படுத்திருப்பவர்களுடையது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. கூட்டம் என்ற பெயர் மட்டும் உண்டு.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்த வேலை தெரியும். வடசென்னையில், வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் உள் வழிகள் ரேஷன் கடைக்குப் போகும் வழி போலத்தான். மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி, மற்றபடி தலைவலி முதல் தலைக்காயம் வரை ஸ்டான்லி. பெரியவர்கள் சிலர் ஸ்டான்லியை இன்னமும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள்.

கஞ்சித்தொட்டிக் காலம்

அந்தப் பெயர் வந்த காலம் 1782. ஹைதர் அலியோடு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் போர் நடத்திக்கொண்டிருந்த நேரம். சுற்றுப்பட்ட கிராமங்களில் விளைச்சல் அழிந்து பஞ்சம். பிழைத்தால் போதும் என்று ஜனங்கள் பட்டணத்துக்கு வந்து குவிந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். பசியோடு வந்தவர்களில் நோயாளிகளும் இருந்ததால் 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கேயே ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார். அது வளர்ந்து, அரசு கைக்கு வந்து, மருத்துவப் பள்ளியாகி, 1938-இல் கல்லூரியானது. அதற்குச் சில வருடம் முன்பு வரை ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஸ்டான்லியின் பெயர் ஒட்டிக்கொண்டது. சத்திரம் முதியோர் இல்லமாகப் பிழைத்துக்கொண்டது.

இந்தக் கதையை யாராவது சொல்லும்போது பழமைக்காகப் பெருமைப்படுவார்கள். எனக்கு வேறொன்று தோன்றும். அந்த முதல் நோயாளிகள் யார்? ஊரை விட்டு வந்தவர்கள். உறவுகள் வழியில் செத்தோ சிதறியோ போனவர்கள். 'கூட யார் வந்திருக்கீங்க?' என்று கேட்டிருந்தால் பாதிப் பேருக்குப் பதில் இருந்திருக்காது. யாருமில்லாத வெளியூர்க்காரர்களுக்காகத் தொடங்கின இடம் அது.

இன்றைக்கு அதைச் சுற்றி இருக்கும் ஊரைப் பாருங்கள். ஒரு பக்கம் காசிமேடு, விசைப்படகுக்காரர்கள். தெற்கே மண்ணடி, இரும்புக் கடைகளும் பள்ளிவாசல்களும். அதை ஒட்டி சௌகார்பேட்டை. தங்கசாலைத் தெருவில் பாதிக் கடைகளில் மார்வாடியும் குஜராத்தியும் காதில் விழும். கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் தலைமுறைகளாகத் தெலுங்கு பேசும் குடும்பங்கள். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள். ராயபுரத்தில் பார்சிக்காரர்களின் அக்னிக் கோயில்கூட ஒன்று உண்டு. இவர்களோடு சூளூர்பேட்டை ரயிலைப் பிடித்து ஆந்திர எல்லையிலிருந்து வருகிறவர்கள். கடந்த இருபது வருடங்களாக ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் என்று கட்டட வேலைக்கும் பட்டறை வேலைக்கும் வந்த பையன்கள். ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் அனுபவமுள்ள சிஸ்டர் வயிற்றைத் தொட்டுக் காட்டித் தெலுங்கில் 'நொப்பியா?' என்பார், பதில் வராவிட்டால் இந்தியில் 'தர்த்?' என்பார், அடுத்தது 'வலிக்குதா?'. மூன்றும் ஒரே மூச்சில் வரும்.

இந்தக் கலவையில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். தெலுங்கு ஆயாவுக்கு மொழி பிரச்சினையே இல்லை, ஏனென்றால் கூட வரும் பேத்தி தமிழ் பேசுவாள். சேட்டு வீட்டு மனிதருக்கும் அப்படித்தான். பிரச்சினை என்றால் தனியாக வருபவனுக்குத்தான். அவனுக்குத் தமிழே தெரிந்திருந்தாலும் பிரச்சினைதான். ஒருமுறை வேறொரு அரசு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், நண்பனைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு முதியவர், சுத்தமான மதுரைத் தமிழ், மெத்தப் படித்தவர், கூட யாருமில்லை. காலையில் எடுத்த அவருடைய ரத்தம் மாலை வரை மேஜையிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போக ஆளில்லை, அவ்வளவுதான். யார் மேலும் கோபப்பட முடியாது. எல்லோரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சித்தப்பாவின் விரல்கள்

சித்தப்பா மூலக்கொத்தளத்தில் சின்னதாகப் பிரஸ் பட்டறை வைத்திருக்கிறார். தகடு வெட்டும் வேலை. ஒரு மதியம் மிஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. பட்டறைப் பையன் சமயோசிதமாக விரல்களைப் பொறுக்கி, ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, அதற்குள்ளேயே போட்டு எடுத்துவந்தான். ஸ்டான்லி கேசுவல்டியில் இருந்த, மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர் அவனைத் திட்டவில்லை, ஆனால் சொல்லிக்கொடுத்தார்: வெட்டுப்பட்ட விரலை நேரடியாக ஐஸில் போட்டால் சதை உறைந்து கெட்டுப்போகும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ்மேல் வைக்க வேண்டும். இதைப் படிக்கும் பட்டறைக்காரர்கள் யாராவது இருந்தால் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

கை விஷயத்தில் வடசென்னைக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. பிரஸ், லேத், படகில் கயிறு இழுக்கும் விஞ்ச், கட்டட வேலை என்று கைகள் நசுங்கும் ஊர் இது. அதற்கென்றே எழுபதுகளில் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி ஸ்டான்லியில் வளர்த்தெடுத்த கைக் காயப் பிரிவு பின்னாளில் தனி ஆராய்ச்சி, மறுவாழ்வு மையமாகவே ஆனது. பணக்காரர்கள்கூடக் கை என்றால் ஸ்டான்லி என்பார்கள். சித்தப்பாவுக்கு ஒரு விரல் ஒட்டியது, இன்னொன்று ஒட்டவில்லை. ஒட்டிய விரலின் நுனியை சிஸ்டர்கள் அடிக்கடி வந்து அழுத்திப் பார்ப்பார்கள். வெளுத்து, மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். பீடி பிடிக்கவே கூடாது, ரத்தக் குழாய் சுருங்கிவிடும் என்றார்கள். சித்தப்பாவுக்கு விரல் போனதைவிட அதுதான் பெரிய துக்கம்.

பகலில் சித்தி, ராத்திரியில் நான். ஆண்கள் வார்டு என்பதால் இரவில் பெண்கள் தங்க முடியாது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பக்கத்துப் படுக்கைக்கு ஒரு பையன் வந்தான். இருபது வயதிருக்கும், ஒடிசாக்காரன், வேறொரு பட்டறையில் வேலை. உள்ளங்கைத் தோல் முழுக்க உரிந்து, வலது கை மணிக்கட்டுக்கு மேல் வரை கட்டு. இடது கையில் டிரிப்ஸ். கூட வந்த பையன் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டான். முறையாகப் பார்த்தால் இவன் அயனாவரத்தில் இருக்கும் தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரியான இ.எஸ்.ஐ.க்குப் போயிருக்க வேண்டியவன். ஆனால் சின்னப் பட்டறை, கான்ட்ராக்டர் மூலம் வந்த ஆள், இ.எஸ்.ஐ. எண்ணெல்லாம் எங்கே இருக்கப்போகிறது? சாலை விபத்தென்றால் 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு எந்த மாநிலத்துக்காரன் என்று கேட்காமல் அரசே செலவு செய்கிறது. பட்டறை விபத்து அதில் வராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் ஆறு மாதம் இங்கே வசித்ததற்குச் சான்று வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் ஸ்டான்லி அவனைச் சேர்த்துக்கொண்டது. காசு கேட்கவில்லை, கார்டு கேட்கவில்லை, கையைக் காப்பாற்றும் வேலையை அன்றைக்கே தொடங்கிவிட்டது. இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவின் பல ஊர்களில் இது நடக்காது.

மறுநாள் காலை பாலும் ரொட்டியும் வந்தன. பையன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலது கை கட்டுக்குள், இடது கையில் ஊசி. ரொட்டி பாக்கெட்டைத் தொடையால் அழுத்திப் பிடித்துப் பல்லால் கிழிக்கப் பார்த்தான். சித்தப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்த சித்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி அந்தப் பாக்கெட்டை வாங்கினாள். கிழித்து, பாலில் தோய்த்து, சித்தப்பாவுக்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய். சித்தப்பா முறைத்தார். "என்னா முறைப்பு? உனக்கு ஒரு கை மிச்சம் இருக்குல்ல, நீயே தின்னு" என்று டம்ளரை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

எதிர்ப் படுக்கையில் ஒரு சிறுவன், கதவிடுக்கில் விரல் நசுங்கியவன். அவனோடு இருந்தவர் தாத்தா. மண்ணடியில் இரும்புக் கடை வைத்திருந்த பாய். வடக்கத்தி லாரிக்காரர்களோடு பேசிப் பழகிய இந்தி அவருக்குக் கைவசம் இருந்தது. பையனுக்கு ஒடியாதான் தாய்மொழி என்றாலும் இந்தி புரியும். வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்றான். போன் பையில்தான் இருந்தது, ஆனால் கைரேகைப் பூட்டு. ரேகை வைக்க வேண்டிய விரல் கட்டுக்குள். பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணைத்தான் போட வேண்டும். பையன் இந்தியில் எண்களைச் சொல்ல, பாய் தமிழில் திருப்பிச் சொல்ல, நான் அழுத்தினேன். எதிர்முனையில் ஒரு பெண் குரல். நான் போனை அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை புரியவில்லை. "சின்ன அடிங்கிறான், அடுத்த மாசம் காசு அனுப்புறேங்கிறான்" என்று பாய் ஊகித்துச் சொன்னார். அவருக்கும் ஒடியா தெரியாது.

உறவுமுறை என்ற கட்டம்

கொஞ்ச நாள் கழித்து பி.ஜி. டாக்டர் வந்து அடுத்த ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். உள்ளங்கையில் தோல் இல்லை. சும்மா தோல் ஒட்டினால் போதாது, சதையோடு வேண்டும். அதனால் தொடை இடுக்கில் ஒரு பக்கத் தோலையும் சதையையும் மடலாக எடுத்து, கையை அங்கேயே வைத்துத் தைத்துவிடுவார்கள். கை இடுப்போடு ஒட்டியபடியே ஏறக்குறைய மூன்று வாரம். அங்கிருந்து ரத்த ஓட்டம் கைக்குப் பழகியதும் பிரித்து எடுப்பார்கள். பழைய முறை, நம்பகமான முறை. ஆனால் அந்த மூன்று வாரமும் அவனால் தனியாக எதுவும் செய்ய முடியாது. எழுந்து உட்கார ஆள் வேண்டும். பாத்ரூம் போக ஆள் வேண்டும். தூக்கத்தில் கையை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எல்லாவற்றையும் பாய் வழியாக அவனுக்குப் பொறுமையாகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் டாக்டர் சுற்றிப் பார்த்துக் கேட்டார்: "இவர் கூட யார் இருப்பீங்க?"

கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார்கள். பார்க்கலாம் சார், ஆள் அனுப்புகிறேன் சார் என்றான். வரவில்லை. சம்மதப் படிவம் வந்தது. பையன் மேஜர், அவனே சம்மதம் கொடுக்கலாம். இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தான். சாட்சிக் கையெழுத்து ஒன்று தேவைப்பட்டது. பாய் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படிவத்தை முழுவதும் படித்து, கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். அங்கே வந்து பேனா நின்றது. எங்களைப் பார்த்தார். நாங்கள் என்ன சொல்வது? அப்புறம் நிதானமாக, தமிழில், 'எதிர் பெட்' என்று எழுதினார். டாக்டர் வாங்கிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. ஒன்றும் சொல்லாமல் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. காசிமேட்டு அக்கா ஒருத்தி, கணவர் கையை விஞ்சில் கொடுத்துவிட்டு வந்திருந்தவள், காலைச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டாள். வளாகத்திலேயே இருக்கும் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி வாங்கப் போகும்போது அவனுக்கும் சேர்த்து வாங்குவாள். மீன் குழம்பு கொண்டுவரும் அன்றைக்கு அவன் பங்கு தனி. மதியம் சித்தி. பாத்ரூமுக்கு ஆம்பளை ஆள் வேண்டும் என்பதால் பாயின் மகனும் நானும். இரவில் நான் சித்தப்பாவுக்கும் அவனுக்கும் நடுவில் என் விரிப்பை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அவன் கை அசைந்தால் எனக்கு முழிப்பு வரும். சிஸ்டர்கள் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள். டிரிப்ஸ் மாற்ற வரும்போது என்னைப் பார்த்து, "நைட் டூட்டி, எல்லாம் சரியா?" என்பார் ஒருவர்.

முதலில் பாயின் பேரன் டிஸ்சார்ஜ் ஆனான். அடுத்தது சித்தப்பா. மூன்று வாரம் முடிய இன்னும் நாட்கள் இருந்தன. கிளம்பும் நாளில் சித்தி பை கட்டிவிட்டு, எங்கள் படுக்கைக்குப் புதிதாக வந்தவரின் மனைவியைக் கூப்பிட்டாள். திருவொற்றியூர் பக்கம். டூட்டி மாறும்போது நர்ஸ்கள் ஒருவருக்கொருவர் ஓவர் கொடுப்பார்களே, அதே தோரணை. "இந்தப் புள்ளைக்குக் காரம் ஆகாது. பால்ல சக்கர தூக்கலாப் போடணும். இந்தக் கை இடுப்ப விட்டு நகரக் கூடாது, அத மட்டும் பாத்துக்க. பேரு கேட்டா சொல்லுவான், நமக்கு வாயில நுழையாது, தம்பின்னு கூப்புடு, திரும்புவான்." அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் கணவனையே இன்னும் சரியாகப் பார்க்கவில்லை அவள். ஆனாலும் சரிக்கா என்று தலையாட்டினாள்.

2020-இல் பார்த்ததுதான்

இதை அப்படியே எழுதி, மனிதம் இன்னும் சாகவில்லை என்று முடித்து, ஒரு சூரியோதயப் படமும் போட்டால் வாட்ஸ்அப்பில் நன்றாக ஓடும். எனக்கு அப்படி முடிக்க இஷ்டமில்லை. அந்தப் பையனுக்கு நடந்தது அதிர்ஷ்டம். எதிரில் பாய் இல்லாமல், பக்கத்தில் சித்தி இல்லாமல், அவரவர் நோயாளிக்கே ஆள் பற்றாத ஒரு வாரத்தில் அவன் வந்திருந்தால்? மூன்று வாரச் சிகிச்சை யாருடைய தவறும் இல்லாமல் ஒரே ராத்திரியில் வீணாகியிருக்கும். உலகத் தரமான கை அறுவை சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கும் ஒரு மாநிலம், அந்தக் கைக்குச் சொந்தக்காரனுக்குச் சோறு ஊட்டும் வேலையைப் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியிடம் விட்டுவைத்திருக்கிறது. இது ஸ்டான்லியின் குறை இல்லை. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை எந்த அரசு மருத்துவமனையும் இப்படித்தான் ஓடுகிறது. குடும்பம் என்ற ஒன்று நோயாளியோடு கட்டாயம் வரும் என்ற கணக்கில்தான் மொத்த ஏற்பாடும் இருக்கிறது.

இங்கேதான் மச்சான் சொன்னது மறுபடி நினைவுக்கு வரும். அவருடைய யோசனையை ஏற்கனவே ஒருமுறை செய்து பார்த்துவிட்டோம். 2020-இல் கொரோனா வார்டுகளுக்குள் உறவினர் யாருக்கும் அனுமதி இல்லை. கேட்டுக்கு வெளியே அத்தனை பேரையும் நிறுத்தினோம். மருத்துவமனை ஓடியதா? ஓடியது. எப்படி? சாப்பாட்டை ஊழியர்களே படுக்கைக்குக் கொண்டுபோனார்கள். கவச உடைக்குள் வியர்த்து ஊறிய நர்ஸ்கள் வீட்டாருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார்கள். இதற்காகவே ஆயிரக்கணக்கில் தற்காலிக நர்ஸ்களை அரசு அவசரமாக எடுத்தது. அதாவது, கூட வருபவர்களை வெளியே நிறுத்தினால் அந்த இடத்தில் சம்பளத்துக்கு ஆள் போட வேண்டும் என்பது அரசுக்கே அப்போது தெரிந்திருந்தது. பெருந்தொற்று ஓய்ந்தது. அந்த நர்ஸ்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓடு நீட்டிக்கப்படவில்லை. அவர்கள் போராட்டம் நடத்தினார்கள், செய்திகளில் வந்தது, நாமும் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனோம். கட்டிலுக்கடியில் மறுபடி பாய் விரிக்கப்பட்டது.

என் வாதத்துக்கு ஒரு மறுப்பும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருப்பதில் ஒரு தைரியம் இருக்கிறது. சம்பளத்துக்கு வருபவர் சித்தி மாதிரி பாலில் சர்க்கரை போடுவாரா என்று கேட்கலாம். போடமாட்டார்தான். சில இடங்களில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கே கையை நீட்டுகிறார்கள் என்பதும் ஊரறிந்தது. குடும்பம் வரட்டும், உட்காரட்டும், தலையைத் தடவட்டும். அது வேறு. ரத்தக் குழாயை லேபுக்குக் கொண்டுபோவதும் நோயாளியை நகர்த்துவதும் வேலை. அதைக் குடும்பத்தின் தலையில் கட்டும்போதுதான் ஒருவருக்குப் பதில் மூன்று பேர் வருகிறார்கள்: வரிசையில் நிற்க ஒருவர், படுக்கையருகே ஒருவர், இவர்களை மாற்றிவிட ஒருவர். மச்சான் பார்த்த கூட்டம் அதுதான். ஒரு வார்டுக்கு ஷிஃப்டுக்கு இரண்டு உதவியாளர்கள் நிரந்தரமாக இருந்தால் அந்த மூவரில் இரண்டு பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். தினக்கூலிக் குடும்பத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் இரண்டு பேர் கூலி போகிறது. சிகிச்சை இலவசம் என்று நாம் சொல்லும்போது இந்தக் கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பையனைப் பற்றிக் கேட்பீர்கள். மடலைப் பிரித்தார்கள், கை பிழைத்தது என்று சித்தப்பாவைப் பயிற்சிக்கு அழைத்துப் போனபோது சிஸ்டர் சொன்னார். ஆனால் பிசியோதெரபிக்கு அவன் தொடர்ந்து வரவில்லை. கான்ட்ராக்டர் ரயில் டிக்கெட் எடுத்துக்கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டானாம். கையில் ஆபரேஷன் பாதி வேலைதான். மீதி, விரல்களை மடக்கி நீட்டும் பயிற்சி. மாதக்கணக்கில் விடாமல் செய்யாவிட்டால் விறைத்துப்போகும். அவன் ஊரில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்ததா, பாய்க்குக்கூடத் தகவல் இல்லை.

மச்சானிடம் இதையெல்லாம் ஒருநாள் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி மாப்ள, ஒத்துக்கிறேன். ஆனா அந்த வேலைக்கு யாரு வருவா? ராத்திரி பூரா முழிச்சி, அடுத்தவன் மூத்திரப் பைய அளந்துக்கிட்டு?" என்றார். நியாயமான கேள்விதான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் சித்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாசம் பதினைந்தாயிரம் கொடுத்தால் நாளைக்கே வருகிறேன் என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. நைட் டூட்டி என்றாலும் பரவாயில்லையாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும், சீஃப் டாக்டருக்கே லீவு இருக்கிறதே என்றாள்.